வேறு வண்டியின் எஞ்சின்

காலை ஏழு மணி பத்து நிமிடம். மலைச் சாலையின் எழுபது வளைவுகளில் முதலாவதின் பலகை கண்ணில் பட்டதும் தெய்வானை இரண்டாம் கியருக்கு மாற்றினாள். மாற்றிய கையை உடனே எடுக்கவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த கியர்த்தண்டின் மேலேயே வைத்திருந்தாள், எஞ்சினின் நடுக்கம் உள்ளங்கைக்கு வருகிறதா என்று. வந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்த நடுக்கம் இல்லை. பத்தொன்பது வருடமாக இந்தக் கைக்குப் பழகியது முரட்டு நடுக்கம், மேடு வந்தால் முனகும், முனகிவிட்டு இழுக்கும். இது சன்னமாகத் தையல் மிஷின் மாதிரி ஓடியது. சன்னமாக ஓடுவது நல்லதா, பலமில்லாமல் ஓடுகிறதா? பக்கத்து சீட்டில் குப்பண்ணன் நெற்றியில் புரட்டாசிச் சனிக்கிழமை நாமத்தோடும் மடியில் நீள நோட்டோடும் உட்கார்ந்திருந்தார். பின்னால் மனிதர்கள் உட்கார வேண்டிய இடத்தில் ஐந்து மூட்டை கல் உப்பு. சேந்தமங்கலம் கார் ஸ்டாண்டில் வழக்கம் அப்படி. பயணிகளோடு மலையில் நின்றுபோன வண்டியின் பெயரை வரிசைப் பலகையிலிருந்து அழித்துவிடுவார்கள். மூன்று மாதத்துக்குள் அந்த வண்டி ஐந்து மூட்டை பாரத்தோடு, காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது வளைவும், எஞ்சினை அணைக்காமல் ஏறிக் காட்ட வேண்டும். ஏறினால் பழைய இடத்திலேயே பெயர் எழுதப்படும். ஏறாவிட்டால் அந்த இடம் காத்திருக்கிறவர்களில் முதல் ஆளுக்குப் போய்விடும், அப்புறம் கேட்க முடியாது. சாட்சிக்கு ஒருவர் கூட வருவார். எழுபதாவது பலகை தாண்டும்வரை கண்ணால் பார்ப்பதையும் காதால் கேட்பதையும் அவர் நோட்டில் எழுதியாக வேண்டும். தெய்வானையின் இடம் ஏழாவது. காத்திருக்கிறவர்களில் முதல் ஆள், சாட்சியாக வந்திருக்கும் செயலாளர் குப்பண்ணனின் மருமகன்.

"என்ன அம்மிணி, சத்தமே காணோம்? எஞ்சின் ஓடுதா, இல்ல உருட்டிக்கிட்டுப் போறியா?" என்றார் குப்பண்ணன். "மேட்டுல உருண்டு ஏறுற வண்டி எங்கயாச்சும் இருந்தா எனக்கும் ஒண்ணு சொல்லி வைங்கண்ணா" என்றாள். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு டேஷ்போர்டைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். சூட்டு முள் இன்னும் படுத்தே இருந்தது. ஐந்தாவது வளைவு. படுத்திருக்கிற முள்ளை நம்பலாமா? வண்டி நின்றுபோன ஆடிப் பதினெட்டு அன்றும் முப்பதாவது வளைவு வரைக்கும் இப்படித்தான் படுத்திருந்தது, பிறகு தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி ஒரே மூச்சில் சிவப்புக்குப் போனது. மெக்கானிக் அன்வர் பாய் முள்ளையும் மாற்றிவிட்டதாகச் சொன்னார். எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகத்தான் சொன்னார். அவர் பட்டறையில் கிளட்ச் தட்டைத் திருப்பிப் போட்டு, வேறு வண்டியின் எஞ்சினை உட்கார வைத்து, எல்லா போல்ட்டையும் முடுக்கி, மிதித்துப் பார்த்தால் கியர் விழவில்லை. "யா அல்லா, முப்பது வருசத்துல ரெண்டாவது தடவைம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டு, மறுநாள் மறுபடியும் செயினைப் போட்டுத் தூக்கினார். ஒன்றைத் திருப்பிப் போட்டவர் இன்னொன்றையும் திருப்பிப் போட்டிருக்கலாம். தண்ணீர் போகிற வழியில் இருக்கும் அந்தச் சின்ன வால்வை? ஃபேன் பெல்ட்டை அவளே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், அரை அங்குலம் அமுங்கியது, அது சரி. ஹோஸ் கிளிப்புகளை அவளே முடுக்கினாள். வால்வைப் பார்க்கவில்லை. வால்வு உள்ளே இருக்கிறது, யாராலும் பார்க்க முடியாது. ஒன்பது, பத்து. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியருக்கு இறக்கி, மறுபடி இரண்டுக்கு ஏற்றி. உப்பு மூட்டைகள் ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. மனிதர்களாக இருந்தால் இந்நேரம் ஜன்னல் பக்கம் யாராவது வாயைப் பொத்தியிருப்பார்கள். அவள் புருஷன் ரத்தினவேலு மூன்றாவது வளைவிலேயே பொத்துகிறவர். வண்டி வாங்கியதே அவர்தான், மலைச் சவாரி அடிக்கலாம் என்று. முதல் சவாரியில் பயணிகள் எல்லோரும் நன்றாக இருந்தார்கள், டிரைவர் மட்டும் கதவைத் திறந்துகொண்டு குனிந்து நின்றார். மூன்று சவாரி அப்படிப் பார்த்துவிட்டு நாலாவதற்குச் சாவியை இவள் வாங்கிக்கொண்டாள். எண்ணெய் மில்லில் வேலைக்குச் சேர்ந்த அன்றுதான் அவர் முகத்தில் தெளிச்சி வந்தது.

பதினெட்டு. முள் எழுந்திருந்தது, பாதிக்குக் கீழே நின்றது. அங்கேயே இரு என்று அதனிடம் சொன்னாள், வாய்க்குள். இந்த எஞ்சினோடு என்ன பேசுவது என்று இன்னும் பிடிபடவில்லை. ஆத்தூரில் ஒரு கொட்டகையில் கிடந்தது. லாரி பின்னால் மோதி டிக்கி முதல் பின்சீட் வரை நசுங்கிப்போன அம்பாசிடர், முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. யார் ஓட்டினார்கள், எந்தச் சாலையில் ஓடியது, ஒன்றும் தெரியாது. சமவெளியிலேயே ஓடி வளர்ந்த எஞ்சினாக இருந்தால்? வளைவையே பார்த்திராததாக இருந்தால்? அன்வர் பாய் சிரித்தார், "எஞ்சினுக்குக் கண்ணு இருக்காம்மா, ரோட்டைப் பாக்கறதுக்கு?" பழைய எஞ்சினைச் செயினில் தூக்கியபோது அவள் பட்டறையில்தான் நின்றாள். அந்தரத்தில் லேசாகச் சுற்றியது, ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தது. பானட்டுக்குள் எட்டிப் பார்த்தால் தரை தெரிந்தது. பத்தொன்பது வருடத்தில் அந்த இடத்தில் தரையைப் பார்த்ததில்லை. ஒரு நசுங்கிய சோடா மூடியும் இரண்டு எறும்பும். எஞ்சினை இறக்கி வைத்த பிறகும் அவள் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் விளக்கைப் பிடித்து பிளாக்கின் பக்கவாட்டில் விரலால் தடவினார். தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், ஒன்றரைச் சாண் நீளம். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். "கொதிக்கையில பச்சத்தண்ணி ஊத்துனியாம்மா?" "இல்லைங்க பாய்." "சரி." அவ்வளவுதான். அந்தச் சரியில் ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை, சந்தேகமும் இல்லை. ஒரு ஸ்பானரை எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஒரு சரி. இரண்டு மாதமாக அது அவளுக்குள் எங்கோ மாட்டிக்கொண்டு கிடந்தது. சாம்பார் தாளிக்கும்போது வரும். பல் விளக்கும்போது வரும். இருபத்தாறு. வளைவில் ஒரு குரங்கு நடுரோட்டில் உட்கார்ந்து எதையோ உரித்தது. ஹாரன் அடித்தாள். சாவகாசமாக எழுந்து ஓரத்துக்குப் போனது.

முப்பத்தொன்றில் கருகல் வாடை வந்தது. முதலில் அவள்தான் மோந்தாள், மோந்தவுடன் மூச்சை நிறுத்திக்கொண்டாள், தான் மூச்சு விடாவிட்டால் குப்பண்ணனுக்கும் வாடை வராது என்பது போல. கிளட்ச். கிளட்ச்தான். மறுபடி திருப்பிப் போட்டுவிட்டார். இல்லை, திருப்பிப் போட்டிருந்தால் கியரே விழாது. எண்ணெய் சொட்டி சைலன்சர் குழாயில் விழுகிறதா? வயரா? நிறுத்திப் பார்க்க முடியாது. அணைக்க முடியாது. அணைத்தால் இங்கேயே முடிந்தது, முப்பத்தொன்றில், ஐந்து மூட்டை உப்போடு. குப்பண்ணனின் மூக்கு இரண்டு தடவை விரிந்து சுருங்கியது. "கருகுது" என்றார், நோட்டைத் திறந்தபடியே. பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்தார். தெய்வானை வளைவை ஒடித்துத் திருப்பினாள். மேலேயிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிய லாரி ஒன்று, பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டு, நான்கு சக்கரத்திலும் நீலப் புகையோடு இறங்கி அவர்களைத் தாண்டிப் போனது. வாடையும் அதன் பின்னாலேயே இறங்கிப் போய்விட்டது. குப்பண்ணன் பேனாவை மூடினார். "அவன் அடிவாரம் போய்ச் சேருவானான்னு பாக்கோணும்" என்றார். "எழுதிட்டீங்களாண்ணா?" "'க' போட்டேன். அடிச்சிட்டேன்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. தொண்டையில் பாதி வந்து நின்றது. இன்னும் முப்பத்தொன்பது இருக்கிறது. நாற்பத்தாறாவது வளைவு இருக்கிறது.

நாற்பத்தாறு. எல்லா வளைவையும் போல அதுவும் ஒரு வளைவு, இடதுபக்கம் பாறை, பாறையிலிருந்து கை மொத்தத்துக்கு ஒரு ஊற்று, டிரைவர்கள் யாரோ மூங்கில் குழாய் செருகி வைத்திருக்கிறார்கள். மலையில் வண்டி ஓட்டுகிற எவருக்கும் தெரியும், கொதிக்கிற ரேடியேட்டரோடு அந்த ஊற்றுப் பக்கம் போகக் கூடாது, பச்சைத்தண்ணீர் பட்டால் சூட்டு இரும்பு விரிசல் விடும். பானட்டைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் உட்கார வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓட வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வருகிற புது டிரைவர்களுக்கெல்லாம் அவளே சொல்லியிருக்கிறாள், விரலை ஆட்டி ஆட்டி. அன்றைக்கு வண்டியில் ராசிபுரத்துக் குடும்பம், ஐந்து பேர், ஆடிப் பதினெட்டுக் கூட்டம், பின்னால் பத்துப் பன்னிரண்டு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு. ஆவி தலைக்கு மேல் எழும்பியது. அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள், நிச்சயம் உட்கார்ந்திருப்பாள், பின்னாலிருந்து ஒருத்தன் கத்தாமல் இருந்திருந்தால். "பொம்பள வண்டிடா, நின்னுபோச்சு, நமக்கு இன்னிக்கு இங்கயே பொங்கல்." பின்னாலிருந்து சிரிப்பு. வாளியை எடுத்தாள், குழாயடியில் பிடித்தாள், நிறைந்தது, சாக்கை வைத்து மூடியைத் திருகினாள், மொத்த வாளியையும் கவிழ்த்தாள். கைக்குத் தெரிந்தது, கவிழ்க்கும்போதே தெரிந்தது, இருந்தும் கை கவிழ்த்தது. விரல் சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவு பெரிய இரும்புக்கு அவ்வளவு சின்னச் சத்தம். எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தபோது, எண்ணெய் தண்ணீர் கலந்து மோர் மாதிரி வெளுத்திருந்தது. ஸ்டாண்டில் கேட்டபோது, "எஞ்சின் கெழடுங்க, போயிருச்சு" என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். எழுபத்து மூன்றாம் வருஷத்து வண்டி, போகாமல் என்ன செய்யும் என்றார்கள். ஓட்டியவர் தப்பு என்றால் ஓட்டியவருக்கு ஒரு மாதம் ஸ்டாண்டில் இடமில்லை, அதைக்கூடத் தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பை மறுபடி கேட்க முடியாது என்றுதான். அதனால் எஞ்சின் மேல் போட்டாள். முப்பத்தோரு வருஷம் இழுத்ததன் மேல், வாய் இல்லாததன் மேல். நாற்பத்து நான்கு. நாற்பத்தைந்து. மூங்கில் குழாய் கண்ணில் பட்டது, அதே கணம் வளைவின் மேல்முனையில் அரசுப் பேருந்தின் மூஞ்சியும் தெரிந்தது, முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டு.

நிறுத்தினாள். நிறுத்தலாம், அணைக்கத்தான் கூடாது. பேருந்து பின்னால் எடுக்க முடியாது, அதன் பின்னால் இரண்டு ஜீப். இவள்தான் பாறையோரம் ஒதுங்கி நிற்க வேண்டும், அது உரசிக்கொண்டு இறங்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்தாள், அதன் மேல் நம்பிக்கையில்லாமல் கால் பிரேக்கையும் மிதித்தாள். நின்ற இடத்தில் காற்று இல்லை. முள் பாதியைத் தாண்டியது. ஊற்றுத் தண்ணீர் ஜன்னலுக்கு இரண்டு முழம் தள்ளிச் சளசளவென்று கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவில்லை. முள்ளைத்தான் பார்த்தாள். பாதிக்கு மேல் ஒரு கோடு. இரண்டு கோடு. பேருந்து டிரைவர் ஜன்னலுக்கு நேராக வந்தபோது கழுத்தை நீட்டினார், "என்னக்கா, உப்பு யாவாரம் ஆரம்பிச்சிட்டீங்களா?" "யோவ், மொதல்ல வண்டிய எடுய்யா!" என்று கத்தியது தெய்வானை இல்லை, குப்பண்ணன். கத்திவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். பேருந்து போனது, ஜீப் போனது, இன்னொரு ஜீப். மூன்றாவது கோடு. இப்போது கிளம்ப வேண்டும். வளைவின் நடு வயிற்றில், மலையிலேயே செங்குத்தான இடத்தில், பின்னால் ஐந்து மூட்டை கீழே இழுக்க. முதல் கியர். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்தாள், கிளட்சை விட்டுக்கொண்டே வந்தாள், கடிக்கிற இடம் எது, பழைய எஞ்சினில் அவள் காலுக்கு அது தெரியும், இதில் எங்கே, இன்னும் கொஞ்சம், ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். வண்டி பின்னால் போனது. ஒரு சாண். குப்பண்ணன் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை வலது காலால் ஓங்கி மிதித்ததை ஓரக்கண்ணால் பார்த்தாள். எஞ்சினின் சத்தம் தாழ்ந்து, இன்னும் தாழ்ந்து, செத்துப்போகும் இடத்துக்கு வந்து, அங்கே நின்றது. பிறகு அடித்தொண்டையிலிருந்து ஒரு உறுமல். இத்தனை நேரமும் அது காட்டாமல் வைத்திருந்த குரல். பழைய எஞ்சினின் குரலும் இல்லை, தையல் மிஷினும் இல்லை. மூட்டைகள் பின்சீட்டில் பொத்தென்று சாய்ந்தன, சக்கரம் இரண்டு கல்லைத் தெறித்துவிட்டது, மூங்கில் குழாய் ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போனது, அவள் கை தானாக ஸ்டீயரிங்கை நிமிர்த்தியது, நாற்பத்தேழு.

காற்று உள்ளே வந்தது. முள் ஒரு கோடு இறங்கியது, இன்னொன்று இறங்கியது. ஐம்பதுக்கு மேல் பனி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, காப்பிச் செடி வாடை, எல்லாம் எப்போதும் இருப்பவைதான், எல்லாம் அவளுக்காக வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது. ஐம்பத்து மூன்றை இரண்டாம் கியரிலேயே எடுத்தாள். முதலுக்கு இறக்கவில்லை. குப்பண்ணன் திரும்பிப் பார்த்தார். ஐம்பத்து நான்கையும் அப்படியே. எவன் ஓட்டினாயோ, சமவெளிக்காரனே, உன் எஞ்சினைப் பார், எங்கே நிற்கிறது பார். பிடரியில் வேர்வை குளிர்ந்தது. நாற்பத்தேழு வயதில், குளித்து முடித்த குழந்தை மாதிரி உடம்பெல்லாம் லேசாக இருந்தது. அப்போது பழைய எஞ்சின் ஞாபகம் வந்தது. அன்வர் பாய் பட்டறைச் சுவரோரம், சாக்கு போர்த்திக் கிடக்கிறது. இத்தனை சந்தோஷத்திலும் அதற்கு ஒன்றும் இல்லை. அதன் பெயர் கெழடு, போயிருச்சு. அறுபதாவது பலகை போனது. சந்தோஷம் பயத்தைவிட மோசம். பயத்தில் வாய் இறுகிக் கிடந்தது, சந்தோஷத்தில் அதுபாட்டுக்குத் திறந்துகொண்டது. "அண்ணா, அன்னிக்கு எஞ்சின் தானா போகலீங்க. நான்தான் பச்சத்தண்ணி ஊத்துனேன். ஒரு வாளி. மொத்தமா." அறுபத்தொன்று. குப்பண்ணன் நோட்டைத் திறந்தார், மூடினார். அறுபத்திரண்டு. அறுபத்து மூன்றின் பலகை தாண்டியதும் வெடித்தார். "ஏனம்மிணி, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதா? எழுபது வரைக்கும் நான் சாட்சி. எழுபது தாண்டிட்டா நான் குப்பண்ணன், சும்மா சனிக்கெழமைக்கு மலைக்கு வந்தவன். இன்னும் ஏழே ஏழு வளைவு. அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா என் காதுல ஒண்ணும் விழுந்திருக்காது. பத்தொன்பது வருசமா இந்த ஸ்டாண்டுல இருக்கற, இதுகூடத் தெரியாதா?" தெரியும். நன்றாகவே தெரியும். மறந்தே போய்விட்டது. இப்படி ஒரு தப்பை எந்த டிரைவரும் செய்ய மாட்டான், அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, இந்தத் தடவை தொண்டையில் நிற்கவில்லை. "எழுதிக்குங்கண்ணா" என்றாள். "எழுதத்தான் போறேன்! எழுதாம உடுவனா!" வளைவில் நோட்டு ஒருபக்கமும் பேனா ஒருபக்கமும் போக, திட்டிக்கொண்டே எழுதினார். அறுபத்தாறு. அறுபத்தேழு. அவர் திட்டுவதும் எஞ்சின் ஓடுவதும் சேர்ந்து கேட்க நன்றாக இருந்தது. எல்லோரும் சிரிக்கட்டும். ஸ்டாண்டே சிரிக்கட்டும். இப்போது சிரிக்கிறவன் எவனும் அவளுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கவில்லை. எல்லோரும் கீழே, அடிவாரத்தில், எழுபது வளைவுக்குக் கீழே. அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது. எழுபதாவது பலகையின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது, வண்டி நெருங்கியும் அது பறக்கவில்லை. பலகையைத் தாண்டிப் பத்தடி போய் ஓரமாக நிறுத்தினாள். அணைக்கவில்லை.

இறங்கி பானட்டைத் தூக்கினார்கள். எஞ்சின் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி. குப்பண்ணன் ரேடியேட்டர் பக்கம் உள்ளங்கையை நீட்டினார், ஹோஸை அமுக்கிப் பார்த்தார், கீழே குனிந்து ஒரு சொட்டாவது விழுந்திருக்கிறதா என்று தேடினார். தேடுகிற மாதிரி தெரியவில்லை, விழாமல் இருக்க வேண்டுமே என்று பார்க்கிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து, நோட்டைக் கைநீளத்தில் பிடித்து வாசித்தார். "அக்டோபர் ஒம்பது, சனிக்கெழம. வண்டி எழுபது வளைவும் ஏறியது. எஞ்சின் அணையவில்லை. முன்பு மலையில் நின்றது எஞ்சினின் குறை அல்ல, ஓட்டியவர் தப்பு, அவரே சொன்னது." அவள் கடைசி வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். "எதுக்கு?" "சும்மா வாசிங்கண்ணா." எஞ்சினின் குறை அல்ல என்று அவர் மறுபடி வாசித்தார், பள்ளிக்கூடத்துப் பையன் ஒப்பிக்கிற குரலில். இரண்டு மாதமாக எங்கோ மாட்டிக் கிடந்த அன்வர் பாயின் அந்தச் சரி கழன்று விழுந்தது. "பேரு எழுதிருவாங்க, ஏழாம் எடம் உன்னுதுதான், அதுல எவனும் பேச முடியாது" என்றார் குப்பண்ணன். "ஆனா ஒரு மாசம் நீ வெளிய. ஒரு மாசம் எம் மருமவன் அங்க நிக்கட்டும். அதுக்கு மேல ஒரு நாள் நின்னான்னா நீயே வந்து தள்ளிவிட்டுரு." "நான் தள்ளுனா வண்டியோட போயிருவாருங்கண்ணா." "போகட்டும், நோஞ்சான்." அவர் நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு, வெயில் பக்கமாகத் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். அவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள். காலையிலிருந்து முதல் தடவையாக மலைச் சத்தம் கேட்டது.

2004 நவம்பர் 9, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு ஐந்துக்குத் தெய்வானையின் வண்டி ஏழாம் இடத்திலிருந்து நான்கு பயணிகளோடு மலைக்குப் புறப்பட்டது. பதினொன்றே முக்காலுக்கு ஸ்டாண்டுக்குத் திரும்பியது.